ஆஃப் பண்ணி ஆன் பண்றது வைத்தியம் இல்லீங்க!

மக்களே, இது கொஞ்சம் ஆணி சம்பந்தப்பட்ட பதிவு. பொட்டி தட்டாதவங்களுக்கும் புரியற மாதிரிதான் சொல்லப் போறேன், பயப்படாம படிங்க.

ஆபீஸ்ல நெட் படுத்தா நம்ம ஊர்ல ஒரே வைத்தியம். ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. உடனே சரியாகும், மத்தியானம் மறுபடி படுக்கும். உள்ள போய்ப் பாத்தா சிபியூ 99%. நாலு நாள் இப்படியே போனா, "பொட்டி பழசாயிடுச்சு, பெருசா வாங்கிடலாம்"னு முடிவு பண்ணிடுவாங்க. காரணம் பாக்காம செஞ்சா இந்த ரெண்டுமே தப்புங்கறது என் கட்சி.

எங்க செஞ்சிக் கோட்டையை வச்சே சொல்றேன். (2025 ஜூலைல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்த 12 கோட்டைகள்ல மகாராஷ்டிராவுக்கு வெளிய இருக்கறது இது ஒண்ணுதான். காலரைத் தூக்கி விட்டுக்கறேன்!) வாசல்ல இருக்கற காவல்காரனே "நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம்"னு ஆளை அனுப்பிட்டா வேலை ஓடும். வர்ற ஒவ்வொருத்தனையும் சுமார் 800 அடி ராஜகிரி உச்சிக்கு ஏத்தி, தேசிங்கு ராஜாவே நேர்ல விசாரிக்கணும்னா? ராஜா ஒருத்தர்தானே!

ரவுட்டரும் அப்படித்தான். பெரும்பாலான பாக்கெட்டை வேகப்பாதையில தள்ளி விட்டுடும். சிலதுக்கு மட்டும் சிபியூ உக்காந்து யோசிக்கணும். அந்த 'சில' எப்ப 'பல' ஆகுதோ, அப்பதான் 99%. அதாவது இது காய்ச்சல் மாதிரி. வியாதி வேற எங்கியோ இருக்கு.

சிஸ்கோ பொட்டியில 'ஷோ ப்ராசஸஸ் சிபியூ சார்ட்டட்'னு அடிச்சா, மொத வரியில 95%/15% மாதிரி ரெண்டு எண் வரும். முன்னாடி இருக்கறது மொத்தம். பின்னாடி இருக்கறது வேகப்பாதைக்கு ஆன செலவு. ரெண்டும் கிட்டக்கிட்ட இருந்தா டிராஃபிக்கே பொட்டியோட சக்திக்கு மேல போகுதுன்னு அர்த்தம். நடுவுல பெரிய இடைவெளி இருந்தா ஏதோ ஒரு ப்ராசஸ் தின்னுட்டு இருக்கு. பட்டியல் உச்சியில 'ஐபி இன்புட்' நின்னா, ராஜகிரி மேல கூட்டம் ஏறிடுச்சுன்னு புரிஞ்சுக்கலாம்.

டிராஃபிக் அதிகம்னாலும் உடனே புதுப் பொட்டி வாங்கிடக் கூடாது. 2003 ஜனவரி 25 அன்னைக்கு ஸ்லாம்மர்னு ஒரு வார்ம் கிளம்புச்சு. வெறும் 376 பைட். மாட்டக்கூடிய மெஷின்கள்ல 90 சதவீதத்தைப் பத்தே நிமிஷத்துல புடிச்சுது. உலகம் பூரா ரவுட்டர்கள் மூச்சு முட்டி நின்னுச்சு. ஆனா வியாதி இருந்தது எஸ்க்யூஎல் சர்வர்ல. அதுக்கான பேட்சை மைக்ரோசாஃப்ட் 2002 ஜூலையிலயே விட்டாச்சு! 2016ல மிராய் வந்தப்ப ஃபேக்டரி பாஸ்வேர்டை மாத்தாத சிசிடிவி பொட்டிங்க. ரெண்டு தடவையும் ரவுட்டரை மட்டும் எத்தனை தடவை ஆஃப் பண்ணினாலும் என்ன பிரயோஜனம்?

செஞ்சியில தெரிஞ்ச நெல் வியாபாரி ஒருத்தர் ஆபீஸ்லயும் இதே கதை. அறுவடை நேரம், பில் போட முடியல, லாரி வரிசையா நிக்குது. மூட்டைக் கணக்குல கூலி வாங்கறவங்க சும்மா உக்காந்திருக்காங்க. புது ரவுட்டருக்கு கொட்டேஷன் கூட வந்தாச்சு. ஆஃப் பண்றதுக்கு முன்னாடி உள்ள பாத்தா, வெளியுலகத்துலேர்ந்து யார் யாரோ கேக்கற டிஎன்எஸ் கேள்விக்கெல்லாம் இந்தப் பொட்டி பதில் சொல்லிக்கிட்டு இருக்கு. சின்னக் கேள்வி, பெரிய பதில். யாரோ பொய் முகவரி குடுத்து, அந்தப் பதிலையெல்லாம் இன்னொருத்தன் தலையில கொட்ட வச்சிருக்கான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா புது ஐபி கிடைக்கும், அவன் கண்டுபிடிக்கற வரைக்கும் நிம்மதி. அதான் மத்தியான மர்மம்! வெளிப்பக்கத்துலேர்ந்து வர்ற 53ஆம் போர்ட் கேள்விகளை ஒரே ரூல் போட்டு அடைச்சதும் சிபியூ அடங்கிடுச்சு. செலவு பூஜ்யம்.

"லாரி நிக்கறப்ப ஆராய்ச்சி பண்ண நேரம் ஏதுப்பா"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா நிறைய ரவுட்டர்ல லாக் மெமரியிலதான் இருக்கும், கரண்டைப் பிடுங்கினா தடயமும் போச்சு. அதனால ரெண்டே நிமிஷம். சிபியூ எண், மேல நிக்கற ப்ராசஸ், அதிக டிராஃபிக் யாரோடது, இந்த மூணையும் செல்போன்ல போட்டோ எடுத்துக்கிட்டு அப்புறமா தாராளமா ஆஃப் பண்ணுங்க.

புதுசு வாங்கச் சொல்றவர்கிட்ட "ஏன் ஏறுச்சு?"ன்னு கேளுங்க. பதில் வரலேன்னா செக்புக்கை மூடி வைங்க.

டிஸ்கி: ராஜகிரி ஏற வர்றவங்க காலையிலயே வந்துடுங்க. வெயில்ல மண்டை சூடானா அங்க ரீஸ்டார்ட் பட்டன் கிடையாது :)