வயதைக் கேட்காதீர்கள், உடம்பைப் பாருங்கள்

சென்னை கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. முதியவர்களுக்கென்றே ஒரு தனி மருத்துவமனை என்பது நல்ல செய்தி, வரவேற்கிறோம். ஆனால் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நடவு நட்டே முதுகு வளைந்துபோன ஒரு தாய்க்குக் கிண்டி சுமார் 300 கிலோமீட்டர் தூரம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் வரவே அவருக்கு ஒரு முழு நாள் ஆகும். துணைக்குப் போகிற பிள்ளைக்கு அன்றைய கூலி போகும்.

முதியோர் மருத்துவத்தில் வந்திருக்கும் முன்னேற்றங்களில் எவை நம் தெருவரைக்கும் வரக்கூடியவை? அவை ஏன் இன்னும் வந்து சேரவில்லை? இந்த வாரம் இதைப் பார்ப்போம்.

இந்தத் துறையில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலமும் இல்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ்.நடராஜன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கிவிட்டார். முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப்படிப்பு 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆரம்பமானது. நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. 2021-ல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை சொன்னது. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

தளர்ச்சி என்பது என்ன?

"அப்பா ரொம்பத் தளர்ந்துபோயிட்டார்" என்று நாம் வீட்டில் சொல்வதை மருத்துவம் இப்போது ஓர் அளவுகோலாக மாற்றியிருக்கிறது. அமெரிக்க மருத்துவர் லிண்டா பிரைடும் அவருடைய குழுவினரும் 2001-ல் ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள். காரணமில்லாமல் எடை குறைவது, எந்நேரமும் அசதி, கைப்பிடியில் பலம் குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் அவர் தளர்நிலையில் இருக்கிறார். ஒன்றோ இரண்டோ இருந்தால் தளர்நிலையை நெருங்கிக்கொண்டிருக்கிறார்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். தளர்நிலையில் இல்லாத ஒருவர் ஒரு வாரக் காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து நடமாடிவிடுவார். தளர்ந்தவர் அதே காய்ச்சலில் படுத்தால் எழுந்திருப்பது கடினம். ஒருமுறை வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது, பிறகு படுக்கைதான். "நல்லாத்தான் இருந்தார், நாலு நாள் காய்ச்சல்ல போயிட்டார்" என்று சாவு வீட்டில் பேசிக்கொள்கிறோமே, அவரில் பலர் உண்மையில் நல்லாயிருந்தவர்கள் இல்லை. தளர்ச்சியை யாரும் அளந்து பார்க்கவில்லை. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் தளர்ச்சியைத் தள்ளிப்போடலாம், சிலருக்குக் குறைக்கவும் செய்யலாம் என்பதுதான் இன்றைய மருத்துவம் சொல்லும் முக்கியமான செய்தி.

ஏழைகளின் படுக்கையில் பிறந்த மருத்துவம்

இந்த மருத்துவத்தின் வரலாறு நமக்கு நெருக்கமானது. லண்டனை ஒட்டிய வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் பொறுப்பில், பக்கத்து ஏழைகள் விடுதியின் நோயாளிகள் 1935-ல் விடப்பட்டார்கள். 700-க்கும் மேற்பட்ட படுக்கைகள். பலர் ஆண்டுக்கணக்கில் எழுந்திருக்காமலே கிடந்தவர்கள். இவர்களுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கைவிடப்பட்டவர்கள். மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவர் அவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்தார். நோயைப் பிரித்தறிந்து, நடைப்பயிற்சி கொடுத்து, பலரை எழுந்து நடக்க வைத்து வீட்டுக்கு அனுப்பினார். முதியோர் மருத்துவம் என்ற துறையே அங்கிருந்துதான் வளர்ந்தது.

அவர் செய்ததன் இன்றைய வடிவம்தான் முழுமையான முதியோர் மதிப்பீடு. மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், சமூகப் பணியாளர் எல்லாரும் சேர்ந்து ஒரு முதியவரின் நோய், நடை, உணவு, நினைவு, மனநிலை, வீட்டு நிலைமை அனைத்தையும் ஒன்றாகப் பார்ப்பது. ஒன்பது நாடுகளில் 13,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த 29 ஆய்வுகள் 2017-ல் தொகுத்துப் பார்க்கப்பட்டன. இப்படிப் பார்க்கப்பட்ட முதியவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட, பிறகு உயிரோடு தங்கள் சொந்த வீட்டில் இருப்பதற்கு வாய்ப்பு கூடுதல் என்று அதில் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதியவர்களுக்குத் திடீரென்று மனம் குழம்பிப்போவதை நாம் பார்த்திருக்கிறோம். பேய் பிடித்தது, பயந்துவிட்டார் என்பார்கள். அது ஒரு மருத்துவப் பிரச்சினை. கண்ணாடியைப் போட்டுவிடுவது, காது கேட்க உதவுவது, தண்ணீர் குடிக்க வைப்பது, இரவில் தூங்கவிடுவது, பகலில் நடக்க வைப்பது போன்றவற்றைச் செய்தே அதைக் குறைக்கலாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த ஆய்வில் 15 சதவீதமாக இருந்த இந்தக் குழப்பம் 9.9 சதவீதமாகக் குறைந்தது என்று 1999-ல் வெளியிட்டார்கள். 70 முதல் 89 வயதுவரை உள்ள 1,635 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2014-ல் வெளிவந்தது. முறையான நடைப்பயிற்சியும் தசைப் பயிற்சியும் செய்தவர்களிடம் நடமாட்டம் முடங்குவது குறைந்தது.

மருந்துகளும் இதில் அடக்கம். சர்க்கரைக்கு ஓரிடத்தில் மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு இன்னோரிடத்தில், மூட்டுவலிக்கு மெடிக்கலில் நேராகக் கேட்டு வாங்கிய மாத்திரை, தூக்கத்துக்கு ஒன்று. வலி மாத்திரையை நாள்கணக்கில் போட்டால் சிறுநீரகம் கெடும். தூக்க மாத்திரை கீழே விழ வைக்கும். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் ஒரே மருத்துவரிடம் காட்டி, எது வேண்டும் எது வேண்டாம் என்று கேட்பது இன்றைய முதியோர் மருத்துவத்தின் முக்கியமான வேலை. நாமே நிறுத்திவிடக் கூடாது, கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

இவற்றில் எதற்கும் கோடி ரூபாய் இயந்திரம் தேவையில்லை. ஆளும் நேரமும் கவனமும்தான் தேவை.

இதில் சாதி எங்கே வருகிறது?

டெல்டாவில் இன்று எழுபதைக் கடந்திருக்கும் தலித் முதியவர்கள் யார் என்று நினைத்துப் பார்ப்போம். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்த காலத்தை ஒட்டிப் பிறந்தவர்கள். 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபோது சிறுவர்களாகவோ இளைஞர்களாகவோ இருந்தவர்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் மாடு மேய்த்தவர்கள், நாற்றுக் கட்டு தூக்கியவர்கள். குறுவை, சம்பா, தாளடி என்று ஐம்பது வருஷம் சேற்றில் குனிந்தே நின்றவர்கள். அரைவயிற்றுச் சோறும் ரத்தசோகையும் அடுத்தடுத்த பிரசவமும் அந்த உடம்புகளில் சேர்ந்தே இருக்கின்றன.

இப்படிப்பட்ட உடம்புக்கு மூப்பு அறுபதில் வருவதில்லை, முன்னாலேயே வந்துவிடுகிறது. பிரிட்டனில் 37 முதல் 73 வயதுவரை உள்ள சுமார் 4.9 லட்சம் பேரிடம் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. நடுத்தர வயதிலேயே தளர்நிலை இருக்கிறது, வறுமையில் வாழ்பவர்களிடம் அது அதிகம் என்று அது காட்டியது. இந்தியாவில் ஒன்பது மாநிலங்களின் விவரங்களை வைத்து 2022-ல் வந்த ஓர் ஆய்வில், உயர்சாதி இந்துக்களைவிடத் தலித் மக்களின் சராசரி ஆயுள் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் குறைவு என்று தெரிந்தது. அந்த இடைவெளியில் பாதியைக்கூடப் பொருளாதார நிலையை வைத்து விளக்க முடியவில்லை. அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை என்பது உண்மை. ஆனால் திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் தலித் என்று 2011 கணக்கெடுப்பு சொல்லும்போது, இந்தக் கேள்வியை டெல்டா ஒதுக்கிவிட முடியாது.

அரசுத் திட்டங்களோ வயதை மட்டும் கேட்கின்றன. முதியோர் உதவித்தொகைக்கு 60 வயது. மாதம் 1,200 ரூபாயாக 2023-ல் உயர்த்தப்பட்ட இந்தத் தொகையில் 80 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய். 2024 அக்டோபரில் தொடங்கிய 5 லட்சம் ரூபாய் காப்பீட்டுக்கு 70 வயது. அதுவும் படுக்கையில் சேர்ந்தால்தான். தளர்ந்தவருக்கு வேண்டிய பயிற்சியும் உணவும் வீட்டுப் பராமரிப்பும் அந்தக் காப்பீட்டுக்குள் வராது. ஐம்பத்தைந்து வயதில் தளர்ந்துபோன விவசாயத் தொழிலாளி எந்தக் கணக்கிலும் இல்லை. பிறந்த தேதியை எழுதிவைக்க ஆளில்லாத காலத்தில் பிறந்தவர்களின் ஆதார் அட்டையில் இருக்கும் வயது, பல நேரம் யாரோ பார்த்துக் குத்துமதிப்பாகச் சொன்ன வயது.

இன்னொன்றும் இருக்கிறது. கைப்பிடியின் பலத்தைக் கையைப் பிடிக்காமல் அளக்க முடியாது. வீட்டுக்குள் போகாமல் விளக்கு வெளிச்சம் போதுமா, கழிப்பறைக்கு எத்தனை படி என்று தெரியாது. முதியோர் மருத்துவம் தொட்டுப் பார்க்கும் மருத்துவம். தொடத் தயங்கும் சமூகத்தில் அது வாசலோடு நின்றுவிடும்.

என்ன கேட்க வேண்டும்?

கேட்பதற்கு நமக்குச் சட்டம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 20-வது பிரிவு, அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை வேண்டும், ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் முதியோர் சிகிச்சைக்கென வசதி ஒதுக்கி அனுபவமுள்ள மருத்துவரின் பொறுப்பில் விட வேண்டும் என்கிறது. தஞ்சை மாவட்டத்துக்கான அரசுத் தலைமை மருத்துவமனை கும்பகோணத்தில்தான் இருக்கிறது. முதியோருக்கு எத்தனை படுக்கை, எந்த நாளில் எந்த மருத்துவர் என்பதை எழுதி வாசலில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இரண்டாவது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் இத்திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. இதோடு தளர்ச்சிப் பரிசோதனையையும் சேர்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஊர்மட்டச் சுகாதாரப் பணியாளர்களுக்காகவே ஒரு கையேடு வெளியிட்டது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை 14 விநாடிக்குள் எழுந்து உட்கார முடிகிறதா? மூன்று மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா? சொன்ன மூன்று சொற்கள் சற்று நேரம் கழித்து நினைவிருக்கிறதா? மெதுவாகப் பேசினால் காதில் விழுகிறதா? இவ்வளவுதான். அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களுக்கே இந்த வேலையையும் பயிற்சியையும் ஊதியத்தையும் தர வேண்டும்.

மூன்றாவது, விவசாயத் தொழிலாளர்களுக்கு இந்தப் பரிசோதனை 50 வயதிலிருந்தே தொடங்க வேண்டும். நான்காவது, பணம். தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் 2024-ல் வந்திருக்கிறது. அந்த நிதியிலிருந்து முதியோர் பராமரிப்புக்கு ஒரு பங்கு கேட்கலாம். ரேஷன் அரிசி பசியாற்றும். தசைக்குப் பருப்பும் முட்டையும் மீனும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். 2020 மார்ச்சில் பிரிட்டனில், தளர்ச்சி மதிப்பெண்ணைப் பார்த்துத் தீவிர சிகிச்சை தரலாமா என்று முடிவு செய்யும்படி ஒரு வழிகாட்டுதல் வந்தது. மாற்றுத்திறனாளிகள் எதிர்த்தார்கள். சில நாள்களிலேயே அதைத் திருத்தினார்கள். அளவுகோல் கதவைத் திறக்கவும் உதவும், அடைக்கவும் உதவும். "இவர் தளர்ந்தவர், இவருக்கு எதற்கு ஐ.சி.யு." என்று சொல்ல அது பயன்படக் கூடாது. இந்த நிபந்தனையோடுதான் நாம் அதைக் கேட்கிறோம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் அந்த நாற்காலிச் சோதனையைச் செய்து பாருங்கள். பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளுங்கள், விழுந்துவிடக் கூடாது. எத்தனை பேரால் முடிந்தது, எத்தனை பேரால் முடியவில்லை என்று பெயரில்லாமல் எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் அந்தத் தாளைப் படித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உடனடி உதவி தேவைப்படும் முதியவர்களுக்காக 14567 என்ற இலவச எண் இருக்கிறது. அதையும் அந்தத் தாளின் அடியில் எழுதி, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டிவிடுங்கள்.