கோடைத் தோட்டமும் சந்திரனும்

நம் நாட்டின் பல பகுதிகளில், கோடைக்காலக் காய்கறித் தோட்டத்திற்குப் பஞ்சாங்கம் பார்த்தே நாள் குறிக்கின்றனர். மண்ணுக்கு மேல் காய்ப்பவற்றை வளர்பிறையிலும், கிழங்கு வகைகளைத் தேய்பிறையிலும் ஊன்ற வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. தொன்றுதொட்டு வந்த வழக்கத்தை எள்ளி நகையாடுவது முறையன்று. ஆயினும், அதனால் நேரும் நட்டத்தைக் கூறாது விடுவதும் முறையன்று.

சந்திரன் கடலில் ஓதத்தை எழுப்புவது உண்மையே. எனினும் அவ்விசை புவியீர்ப்பில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கேயாகும். பூமியளவு பரந்த நீர்ப்பரப்பிலேயே அது புலப்படும். முழ உயரச் செடியின் அடிக்கும் நுனிக்கும் இடையே அது அளந்தறிய இயலாத சிறுமையுடையது. பௌர்ணமி நிலவின் ஒளியோ, சூரிய ஒளியில் ஏறத்தாழ நான்கு இலட்சத்தில் ஒரு பங்கு. ஸ்பெயின் நாட்டு வாலென்சியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்பொருள் பற்றிய நூல்களையும் ஆய்வுகளையும் பரிசீலித்து, வேளாண்மையில் பிறை பார்ப்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என்று 2020இல் முடிவு கூறினர்.

மேலும், பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் 354 நாட்களே ஆகின்றன. ஆகவே ஒரே திதி ஆண்டுதோறும் இடம் மாறுகின்றது. அட்சய திருதியை 2021இல் மே 14ஆம் நாளிலும், 2023இல் ஏப்ரல் 22ஆம் நாளிலும் வந்தது. வெயிலும் பருவமழையும் இவ்வாறு திதியைப் பின்தொடர்ந்து வருவதில்லை.

இதனால் நேரும் நட்டம் யாது? பௌர்ணமிக்கு மறுநாள் நல்ல கோடை மழை பெய்கின்றது என்று கொள்வோம். வளர்பிறைக்காகக் காத்திருப்பவர் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். கோடை வெயிலில் மேல்மண்ணின் ஈரம் சில நாட்களுக்கே நிற்கும். மழை பெய்தவுடன் வெண்டை ஊன்றியவரது பாத்தியில் விதை முளைத்து இலை விட்டிருக்க, காத்திருந்தவரோ வற்றிய கிணற்றிலிருந்து நீர் இறைக்க நேரிடும். தானாக வந்த ஈரத்தை இழப்பது சிறு தோட்டக்காரருக்குச் சிறிய இழப்பன்று.

இதில் ஒடிசா உழவர்களின் வழக்கம் நமக்கு நல்ல வழிகாட்டி. அட்சய திருதியையன்று அவர்கள் ஒரு பிடி நெல்லை மங்கலமாக விதைக்கின்றனர்; பெரும் விதைப்பையோ பருவமழையை எதிர்பார்த்து நடத்துகின்றனர். சடங்கிற்கு ஒரு பிடி, பயிருக்கு மழை என்னும் இப்பாகுபாடு எல்லாருக்கும் ஏற்றதே.

சந்திரனைக் கவனிக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் விளக்குப் பொறிகளில் விழும் பூச்சிகளின் எண்ணிக்கை குறைகின்றது. அதைக் கண்டு பூச்சி ஒழிந்தது என்று கருதிவிடலாகாது.

ஏனைய பணிகளுக்கு, மண்ணில் விரலளவு ஆழத்தில் ஈரம் உள்ளதா, விதை நல்லதா, வேரடியில் சருகு மூடாக்கு இடப்பட்டுள்ளதா என்பனவே கேட்கத்தக்க கேள்விகள். நாள் பார்க்கும் முன் மண்ணைப் பார்ப்பதே கோடைத் தோட்டக்காரரின் கடமையாகும்.