மாட்டுக்கொட்டகையை யாருக்கு ஒதுக்குகிறீர்கள்?

ஐந்து மாதம் கழித்துச் சித்தப்பா மகன் ஊருக்குத் திரும்பியபோது அவன் உள்ளங்கைகள் காய்த்துப்போயிருந்தன. சித்தி முதலில் கேட்டது குடியைப் பற்றி அல்ல. "இந்தக் கைய வெச்சிக்கினு எப்படிடா தறியில உக்காருவ?" என்றுதான் கேட்டார். ஆரணியில் பட்டு நெய்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். சொரசொரப்பான விரல் பட்டால் பட்டிழை சிலிர்த்துக்கொள்ளும், சேலையில் குறை விழும், குறை விழுந்தால் கூலியில் பிடித்தம்.

தம்பி போயிருந்தது ஒரு போதை மறுவாழ்வு மையத்துக்கு. இயற்கை விவசாயம் வழியாகக் குணப்படுத்துகிறோம் என்று சொல்லும் இடம். பெயரும் மாவட்டமும் வேண்டாம். மாதக் கட்டணம் கட்டுவதற்காகச் சித்தப்பா தறி முதலாளியிடம் ஏற்கெனவே இருந்த முன்பணத்தின் மேல் இன்னொரு முன்பணம் வாங்கினார். அந்தக் கடன் தீரும்வரை வேறு முதலாளிக்கு நெய்யப் போக முடியாது. மகன் கூலியில்லாமல் வயலில் வேலை செய்வதற்காக அப்பா தறியில் இன்னும் இறுக்கமாகக் கட்டப்பட்டார். முனைவர் பட்டத்துக்காக உழைப்பைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு, இந்தக் கணக்கு எங்கள் வீட்டிலேயே நடந்து முடிந்த பிறகுதான் உறைத்தது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், அவனே சொன்னதுதான். பல வருடங்களுக்குப் பிறகு அங்கேதான் தூங்கினானாம். பசி வந்ததாம். காலை ஐந்து மணிக்கு மாடு கத்தும், போய்த்தான் ஆகவேண்டும், அதனால் படுக்கையில் கிடந்து யோசிக்க நேரமில்லை என்றான். போதையை விட்டவனுக்கு நாளின் நடுவே ஒரு பெரிய பள்ளம் விழுகிறது. வாங்க அலைவது, காசு புரட்டுவது, மறைப்பது, குடிப்பது, தெளிவது என்று நிறைந்திருந்த பொழுது திடீரென்று காலியாகிறது. அதை நிரப்ப வெயிலும் உடல் அலுப்பும் முளைத்து வருகிற ஒரு பாத்தியும் உதவும். இதை நான் மறுக்கவில்லை.

அடுத்து அவன் சொன்னதுதான் இந்தக் கட்டுரை. "மொத நாளே எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டாங்கக்கா. சொன்னேன். மறுநாளு வேல பிரிச்சாங்க. ஒருத்தனுக்கு சமையக்கட்டு, ஒருத்தனுக்குக் கணக்கு நோட்டு, நாலஞ்சு பேரு தோட்டம். மாட்டுக்கொட்டாயும் கக்கூசும் எனக்கு. அஞ்சு மாசமும் மாறல."

தெருவின் பெயரைக் கேட்டுச் சாதியைத் தெரிந்துகொள்ளும் வித்தை நமக்குப் புதிதல்ல. புதிது என்னவென்றால், சாணி அள்ளுவது அங்கே சிகிச்சை. எதிர்த்துப் பேசினால் அது 'அகங்காரம்', நோயின் அறிகுறி. பண்ணையார் காலத்தில் எதிர்த்துப் பேசியவனைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். இப்போது அதற்கு மருத்துவப் பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மண்ணில் இறங்கினால் மனம் சுத்தமாகும் என்று அங்கே தினமும் வகுப்பாம். "தாத்தா சாவற வரிக்கும் மண்ணுலதான் இருந்தாரு. அவரும் குடிச்சாரேக்கா" என்றான் தம்பி. நான் படித்த எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இவ்வளவு சுருக்கமாக இதை யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. மண்ணைத் திருப்பித் தருகிறோம் என்பவர்கள், அதைப் பிரிந்து ஏங்குகிறவர்களை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். நகரத்துக் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு வயல் ஒரு விடுதலையாக இருக்கலாம். எங்கள் தாத்தாவுக்கு வயல் அடுத்தவருடையது. அதிலிருந்து தப்பித்துத்தான் அப்பாவும் சித்தப்பாவும் கூலி நெசவுக்கு வந்தார்கள். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு முட்டி தேய்வதும் சொர்க்கமில்லை. ஆனால் அவர்கள் வந்தது வயலை விட்டு.

போதைக்கும் பண்ணைக்கும் இருக்கும் பழைய உறவையும் பேசவேண்டும். தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை ஒயினாகவே ஊற்றிக் கொடுத்தார்கள். 'டாப்' முறை என்று பெயர். சட்டம் தடை செய்த பிறகும் பல பத்தாண்டுகள் அது நீடித்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் அந்தப் பகுதியும் ஒன்று. அங்கே மனிதர்களைக் குடியில் கட்டிப்போட்டதே பண்ணைதான்.

நம் நிலைமை என்ன? எய்ம்ஸின் தேசிய போதை சார்பு சிகிச்சை மையம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. உள்நோயாளியாகச் சேர முடிவது 180 பேரில் ஒருவரால். டாஸ்மாக் வழியாக அரசுக்கு ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்தில்தான் தனியார் மையங்கள் முளைக்கின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், தினக்கூலிகள். அந்த வாரம் சமூக ஊடகத்தில் ஓடிய கேள்வி, "குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம்?" என்பது. நம் பிள்ளைகளின் போதை ஒழுக்கக்கேடு, மற்றவர்களின் போதை நோய். ஒழுக்கக்கேடு என்று முடிவுகட்டிவிட்டால் மருந்து எதற்கு, மண்வெட்டி போதுமே.

மருந்தைப் பற்றி இளைஞர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு போகாது. வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாதவை கண்ணுக்குத் தெரியும், நேரம் இடம் குழம்பும், சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். டையசிபாம் போன்ற மருந்தும் தையமின் ஊசியும் மருத்துவரின் மேற்பார்வையும் தேவைப்படும் நாட்கள் அவை. வயலில் இறக்கும் நாட்கள் அல்ல. வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்களுக்கு ஆபத்து வேறு மாதிரி. அந்த மாத்திரைகளில் டாபென்டடால் ஓபியாய்டு வகையைச் சேர்ந்தது. சில மாதம் விலகியிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. மையத்திலிருந்து வெளியே வந்த வாரத்தில் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். இதற்கு புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகளை நீண்ட காலம் கொடுக்கும் சிகிச்சை உலகமெங்கும் இருக்கிறது, இந்தியாவிலும் இருக்கிறது. 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை' என்று அதைக் கேலி செய்து, கீரைப் பாத்தியைக் காட்டுகிறவர்களை நம்பாதீர்கள்.

அமெரிக்க அரசு 1935இலேயே கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டனுக்கு அருகே இதைச் செய்து பார்த்தது. மக்கள் அதை 'போதைப் பண்ணை' என்றே அழைத்தார்கள். தண்டனைக் கைதிகளும் தாமாக வந்தவர்களும் பால் கறந்தார்கள், காய்கறி விளைவித்தார்கள். சாக்ஸஃபோன் கலைஞர் சோனி ராலின்ஸ் அங்கே இருந்து மீண்டவர். ஆனால் பெரும்பாலோர் ஊர் திரும்பியதும் மீண்டும் போதைக்குப் போனார்கள் என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. வயல் அங்கேயே இருந்துவிட்டது, அவர்கள் திரும்பிப் போன தெரு மாறாமல் காத்திருந்தது. அதோடு அங்கிருந்த கைதிகள் மீது போதை மருந்துச் சோதனைகளும் பல ஆண்டுகள் நடந்தன.

இத்தாலியில் ரிமினி நகருக்கு அருகே 1978இல் தொடங்கிய சான் பத்ரிஞ்ஞானோ இன்னும் பிரபலம். திராட்சை, பாலாடைக்கட்டி, கைத்தறிக்கூடம்கூட உண்டு. குடும்பத்திடம் ஒரு காசு வாங்குவதில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் மீண்டு வந்திருக்கிறார்கள், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அதே இடத்தில்தான் 1980இல் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களைக் காவல்துறை கண்டது. 1989இல் அங்கே தங்கியிருந்த ஒருவர் அங்கிருந்த இறைச்சிக்கூடத்தில் அடித்தே கொல்லப்பட்டார். சங்கிலி என்றால் நமக்கு ஏர்வாடி நினைவுக்கு வரவேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே கட்டப்பட்ட நிலையில் 28 பேர் தீயில் கருகினார்கள். வியட்நாமில் போதை மீட்பு என்ற பெயரில் அடைக்கப்பட்டவர்கள் முந்திரிக்கொட்டை உடைக்க வைக்கப்பட்டதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2011இல் வெளிக்கொண்டு வந்தது. மறு ஆண்டே, இப்படிப்பட்ட கட்டாய மையங்களை மூடச் சொல்லி ஐ.நா. அமைப்புகள் கூட்டாக அறிக்கை விட்டன.

நம் நாட்டில் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருள் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அதன் 20ஆவது பிரிவு, மனநல நிறுவனத்தில் இருப்பவரை வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, வேலை செய்தால் தகுந்த ஊதியம் தரவேண்டும் என்கிறது. 21ஆவது பிரிவு, எந்த அடிப்படையிலும் பாகுபாடு கூடாது என்று சொல்லி, அந்த அடிப்படைகளில் ஒன்றாகச் சாதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தம்பியின் ஐந்து மாதத்தை இந்த இரண்டு பிரிவுகளோடு வைத்துப் பாருங்கள். அந்த மையத்தில் பால் விற்ற காசு யாருக்குப் போனது என்று கேட்டேன். "அதெல்லாம் நம்மகிட்ட சொல்வாங்களாக்கா?" என்று சிரித்தான்.

அப்படியென்றால் பண்ணையே வேண்டாமா? இந்த முடிவுக்கு நான் வரவில்லை. நெதர்லாந்தில் பராமரிப்புப் பண்ணைகள் என்று ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலும் சாதாரண விவசாயக் குடும்பங்களின் பண்ணைகள். போதையிலிருந்து மீள்பவர்கள், மனநலப் பிரச்சினை உள்ளவர்கள், முதியவர்கள் காலையில் வருகிறார்கள், பெரும்பாலோர் மாலையில் வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்வதற்காக விவசாயிக்குப் பொதுப் பணத்திலிருந்து காசு வருகிறது. அங்கே பணம் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்தாலே போதும். எங்கள் வீட்டிலிருந்து போனது பணமும் உழைப்பும்.

ஆகவே எந்தப் பண்ணை மையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் எனக்குத் தோன்றும் கேள்விகள் இவை: கதவு திறந்திருக்கிறதா, மருத்துவர் உண்டா, விளைச்சலில் பங்கு உண்டா, கொட்டகை வேலை எல்லோருக்கும் சுற்றி வருகிறதா, நிலம் யாருடையது? கடைசிக் கேள்வியை அவசரமாகத் தாண்டிப் போக நம்மால் முடியாது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையில், அவர்களுக்கு நிலம் இல்லாததே அவர்கள் அடிமைப்பட்டுக் கிடப்பதற்கு வேர் என்றார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த ஆணைதான் பஞ்சமி நிலம். மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்கு சொல்கிறார்கள். பஞ்சமரல்லாத யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அதில் எவ்வளவு இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள்.

பஞ்சாபைப் பாருங்கள். போதையால் சிதைந்த மாநிலம் என்று நாம் சினிமாவில் பார்த்துத் தெரிந்துகொண்ட அதே பஞ்சாபில், ஊராட்சிப் பொது விளைநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தலித்துகளுக்குக் குத்தகைக்கு ஒதுக்கச் சட்டம் 1961இலிருந்து இருக்கிறது. நடைமுறையில் பினாமிப் பெயரில் ஏலம் எடுத்து ஜாட் நிலவுடைமையாளர்களே உழுதுவந்தார்கள். சங்ரூர் மாவட்டத்துத் தலித்துகள் ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டியாகத் திரண்டு, அடிபட்டு, சிறை சென்று, பலத் கலான் போன்ற ஊர்களில் அந்த நிலத்தைப் பெற்றுக் கூட்டாகப் பயிர் செய்கிறார்கள். அது போதை மீட்புத் திட்டம் இல்லை, அப்படி நான் சொல்லவும் இல்லை. ஆனால் கூட்டாகப் பெற்ற நிலத்தில் இறங்கும் இளைஞனும், தெருப் பெயர் கேட்டுக் கொட்டகைக்கு அனுப்பப்படும் இளைஞனும் செய்வது ஒரே விவசாயம் அல்ல. அரசு மருத்துவமனையில் மருந்து, பக்கத்திலேயே ஊர்ப் பொது நிலத்தில் அல்லது மீட்ட பஞ்சமி நிலத்தில் கூலியோடும் விளைச்சலில் பங்கோடும் அரை நாள் வேலை, மாலையில் வீடு. இப்படி ஒரு மையத்தை ஆரணி வட்டத்தில் ஏன் கேட்கக் கூடாது? 2025இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் மருத்துவமனைகளில் மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. மருத்துவப் பாதிக்கு அது ஒரு தொடக்கம். நிலப் பாதியை யாரும் தொடக்கூட இல்லை.

தம்பி இப்போது மாதம் இரண்டு முறை அரசு மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறான். நடுவில் ஒருமுறை குடித்துவிட்டான், மறைக்காமல் சொன்னான். கை இன்னும் பட்டுக்கு ஆகவில்லை என்பதால் பாவு சுற்றும் வேலைக்கு ஒத்தாசை செய்கிறான். போன மாதம் நான் ஊருக்குப் போனபோது காலனிக்குப் பின்னால் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தைக் காட்டினான். இப்போது வேறொருவர் கரும்பு வைத்திருக்கிறார். "அது டி.சி. நிலம்னு ஆயா சொல்லும்க்கா. நெசமான்னு பாக்க முடியுமா?" என்று கேட்டான். அந்தப் புல எண்ணுக்கான ஏ-ரிஜிஸ்டர் நகலைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினோம். கையெழுத்து அவனுடையது. பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம். இன்றைக்குப் பதினெட்டாவது நாள்.