கிருமிகளைக் கொல்லும் மருந்து என்றால் போதுமா?



பெனிசிலினைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், "அலெக்ஸாண்டர் பிளெமிங், 1928" என்று நொடியில் சொல்லிவிடுவீர்கள். அது என்ன செய்கிறது என்று கேட்டால், "கிருமிகளைக் கொல்கிறது" என்பீர்கள். தேர்வுக்கு இந்த விடை போதும். வாழ்க்கைக்குப் போதாது என்பதே என் கருத்து. கொல்கிறது என்று மட்டும் அறிந்தவர், எல்லாக் கிருமிகளுக்கும் அது நஞ்சு என்று எண்ணி, எந்தக் காய்ச்சலுக்கும் அதை விழுங்கத் துணிவார். எப்படிக் கொல்கிறது என்று அறிந்தவர் தயங்குவார்.

"இது உயிரியல் ஆயிற்றே! இயற்பியல் ஆசிரியருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்கிறீர்களா? இதில் பாதி, நீங்கள் படித்த அழுத்தம் பற்றிய பாடம்தான்.

உலர்ந்த திராட்சையை நீரில் போட்டால் உப்புகிறது அல்லவா? சவ்வூடு பரவலால் நீர் உள்ளே புகுகிறது. பாக்டீரியாவுக்குள்ளும் இவ்வாறே நீர் இடைவிடாமல் புக முயல்கிறது. ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவில் உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 20 மடங்கு இருக்கும். அது ஏன் வெடிப்பதில்லை? மிதிவண்டிச் சக்கரத்தை எண்ணிப் பாருங்கள். மெல்லிய டியூபை வெடிக்காமல் காப்பது வெளியே உள்ள உறுதியான டயர். பாக்டீரியாவின் மெல்லிய சவ்வு டியூப் என்றால், அதன் செல்சுவர்தான் டயர்.

பாக்டீரியா வளரும்போது சுவரின் பழைய இணைப்புகளை அறுத்துப் புதிய இணைப்புகளைப் பின்ன வேண்டும். பின்னும் நொதிகளைப் பெனிசிலின் முடக்கிவிடுகிறது. அறுப்பது தொடர்கிறது, பின்னுவது நின்றுவிடுகிறது. நைந்த டயர் வழியே டியூப் பிதுங்கி வெடிப்பதுபோல் செல் வெடிக்கிறது.

1956இல் அமெரிக்க அறிஞர் ஜோஷுவா லெடர்பெர்க் இதை அழகாகக் காட்டினார். சர்க்கரை மிகுதியாகக் கரைந்த நீர்மத்தில் ஈ.கோலி பாக்டீரியாவை வைத்துப் பெனிசிலினைச் சேர்த்தார். வெளியிலும் செறிவு மிகுந்திருந்ததால் நீர் உள்ளே பாயவில்லை. கோல் வடிவப் பாக்டீரியாக்கள் உருண்டையாயின; ஆனால் வெடிக்கவில்லை. பெனிசிலினை நீக்கியதும் மீண்டும் கோல்களாக வளர்ந்தன!

இப்போது சில கேள்விகளுக்கு நீங்களே விடை கூறலாம். பெனிசிலின் நம் செல்களை ஏன் வெடிக்கச் செய்வதில்லை? நம் செல்களுக்குச் சுவர் இல்லை. சளிக்கும் இன்ஃபுளுயன்சாவுக்கும் அது ஏன் பயனற்றது? அவற்றை உண்டாக்கும் வைரஸ்களுக்கும் செல்சுவர் இல்லை. மைக்கோபிளாஸ்மா என்பது பாக்டீரியாவே. நுரையீரல் அழற்சியையும் தரும். ஆனாலும் அதற்குச் சுவர் இல்லாததால் பெனிசிலினுக்கு அங்கும் வேலையில்லை. டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமைத் தாக்குபவை. ஆக, ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குறி உண்டு.

குறியற்ற இடத்தில் எய்தால் அம்பு வீணாவதோடு நிற்பதில்லை. பெனிசிலினைச் சிதைக்கும் நொதி சில பாக்டீரியாக்களிடம் இருப்பதை ஆபிரகாமும் செயினும் 1940இலேயே அறிவித்தனர். மருந்து அப்போது பரவலாகப் பயன்பாட்டுக்கு வரவில்லை. தேவையின்றி விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் நம் உடலில் வாழும் எளிய பாக்டீரியாக்களை அழித்து, இத்தகைய வலியவை பெருக இடம் தருகிறது. மருந்துகளுக்கு மசியாத பாக்டீரியாக்கள் 2019இல் உலகில் சுமார் 12.7 லட்சம் இறப்புகளுக்கு நேரடிக் காரணமாயின என்று மதிப்பிட்டுள்ளனர்.

"இதெல்லாம் மருத்துவர் கவலை" என்று ஒதுக்காதீர்கள். சென்ற முறை மிஞ்சிய மாத்திரையை இம்முறை சளிக்குத் தேடுவது நம் வீடுகளில்தான். அதைத் தடுக்கக்கூடியவர் நீங்கள். "இது எதைத் தாக்கும் மருந்து? எனக்கு வந்திருப்பது பாக்டீரியாவா, வைரஸா?" என்று மருத்துவரிடம் பணிவாகக் கேளுங்கள். அவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டும் உண்ணுங்கள். 'எப்படி?' என்று கேட்கும் பழக்கம் மதிப்பெண் தராமல் போகலாம், உயிர் காக்கும்.