மெட்டு பிடித்தது, பாட்டனைப் பிடிக்கவில்லை

நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் கிறிஸ்துமஸ் காலம் வந்தால் ஒரு நடனம் உண்டு. வெள்ளைக் கால்சட்டை, சிவப்புச் சட்டையில் மரப்பொம்மைச் சிப்பாய்களாகப் பெண்கள் விறைப்பாக அணிவகுத்து நிற்பார்கள். சின்ன பீரங்கி ஒன்று வெடிக்கும். முதல் பொம்மை விறைப்பு மாறாமல் பின்னால் நிற்பவர் மேல் சாய, அவர் அடுத்தவர் மேல் சாய, மொத்த வரிசையும் மெல்ல மெல்லத் தரைக்கு வரும். 1933-ல் தொடங்கிய அந்த நடனத்துக்கு இன்றும் கைதட்டல் குறையவில்லை. அதன் மெட்டு ஜெர்மன் இசையமைப்பாளர் லியோன் யெஸ்ஸெல் எழுதியது. 1897-ல் பியானோவுக்காக எழுதி, 1905-ல் வாத்தியக் குழுவுக்காக வெளியிட்ட சின்ன அணிவகுப்பு இசை அது. 1942 ஜனவரியில் பெர்லினில், நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவின் சித்திரவதைக்குப் பின் யெஸ்ஸெல் இறந்துபோனார்.

யூதர் என்பதால் நாஜிகள் கொன்றார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். பொய்யில்லை. ஆனால் அந்த ஒற்றை வரி, விளக்க வேண்டியதை விளக்காமல் விட்டுவிடுகிறது. யெஸ்ஸெல் 1894-ல், 23 வயதிலேயே யூத மதத்தை விட்டுக் கிறிஸ்தவரானவர். அரசியலில் ஜெர்மன் தேசியவாதி, பழைமையில் பிடிப்புள்ளவர். இரண்டாவது மனைவி அன்னா 1932-ல் நாஜிக் கட்சியிலேயே சேர்ந்தார். ஜெர்மன் கலாச்சாரத்தைக் காக்கிறோம் என்று நாஜிகள் நடத்திய அமைப்பில் சேர யெஸ்ஸெலும் விண்ணப்பம் போட்டார். நிராகரித்துவிட்டார்கள். தன் இசை தன்னைக் காப்பாற்றும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். நம்பியதற்குக் காரணமும் இருந்தது.

1871-ல் ஸ்டெட்டின் நகரில் (இன்று போலந்தில் இருக்கிறது) பிறந்தவர், ஊர் ஊராக நாடக அரங்குகளில் இசைக்குழு நடத்திவிட்டு 1911-ல் பெர்லின் வந்து சேர்ந்தார். இசைக்கலைஞர்களின் காப்புரிமைத் தொகையை வசூலித்துக் கொடுக்க 1915-ல் உருவான கேமா அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1917 ஆகஸ்டில், முதல் உலகப்போரின் பசிக்கு நடுவே, பெர்லினில் அவருடைய ‘ஷ்வார்ட்ஸ்வால்ட்மேடல்’ அரங்கேறியது. ‘கருங்காட்டுப் பெண்’ என்று சொல்லலாம்; கருங்காடு ஜெர்மனியின் ஒரு வட்டாரம். பேச்சும் பாட்டும் நடனமும் கலந்த ஓபரெட்டா. கிராமத்துத் தேவாலய இசை ஆசிரியர், அவர் வீட்டு வேலைக்காரப் பெண், நகரத்திலிருந்து வந்த இளைஞன், ஒரு திருவிழா, ஒரு கைகலப்பு. கதை அவ்வளவுதான். ரொட்டிக்கே வரிசையில் நின்ற ஜனங்களுக்கு அது போதுமாயிருந்தது. பெர்லினில் மட்டும் சுமார் 900 முறை மேடையேறியது. ஜெர்மன் மண், ஜெர்மன் கிராமம், நாட்டுப்புறச் சாயல் கொண்ட வால்ட்ஸ் என்று, நாஜிகள் எதையெல்லாம் போற்றினார்களோ அதெல்லாம் இந்த நாடகத்தில் இருந்தது. ஹிட்லருக்கும் ஹிம்லருக்கும் பிடித்த ஓபரெட்டா இது என்றே வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-லேயே இது படமாகவும் வெளிவந்தது.

அப்படியானால் குற்றம் எதில்? இசையில் இல்லை, மதத்தில் இல்லை, அரசியலிலும் இல்லை. பாட்டன் பாட்டியில். 1935-ஆம் ஆண்டு நியூரம்பர்க் சட்டங்களின்படி, பாட்டன் பாட்டி நால்வரில் மூவரோ நால்வருமோ யூதர் என்றால் பேரன் யூதன். அவன் ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் சரி, ஞாயிறு தவறாமல் தேவாலயம் போனாலும் சரி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரத்தம், இனம் என்று மார்தட்டிய இந்தச் சட்டத்துக்கு இரத்தத்தைச் சோதிக்க வழி தெரியவில்லை. பாட்டன் யூதரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் யூத மதச் சபையில் உறுப்பினரா என்று பதிவேட்டைப் புரட்டித்தான். யெஸ்ஸெல் விட்டுவந்த மதம் கணக்கில் வரவில்லை. அவருடைய பாட்டன் விடாத மதம் வந்தது.

எடுத்த எடுப்பில் யாரும் அவர் வீட்டுக் கதவை உடைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 1933 நவம்பரில் ஜெர்மன் அரசு இசைச் சபை ஒன்றை அமைத்தது. அதில் உறுப்பினராக இல்லாதவர் இசையைத் தொழிலாகச் செய்ய முடியாது. இந்த ஒரு விதி கையிலிருந்தால் தனித்தனியாகத் தடையுத்தரவு போட வேண்டிய அவசியமே இல்லை. 1934-ல் அன்னாவைக் கட்சி நீக்கியது. யூதக் கணவர் இருந்தார் என்பதே காரணம். 1937-ல் யெஸ்ஸெலைச் சபை வெளியேற்றியது. அவருடைய இசைத்தட்டுகளை விற்பதும் நின்றது. போலீஸ் வராமல், கடிதப் போக்குவரத்திலேயே ஒரு மனிதரின் பிழைப்பு முடிந்தது.

சட்டம் சட்டம்தானே, எல்லோருக்கும் பொது என்று சொல்வாருண்டு. பொதுவாக இருக்கவில்லை. ஹிட்லர் மிகவும் ரசித்த ஓபரெட்டா இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லெஹாரின் மனைவி சோஃபி யூதர். சோஃபிக்கு ‘கௌரவ ஆரியர்’ என்று சலுகை கிடைத்தது. அதே லெஹாருக்குப் பாட்டு எழுதிக்கொடுத்த ஃபிரிட்ஸ் லோனர்-பேடாவுக்குக் கிடைக்கவில்லை. 1942-ல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் உயிரை விட்டார். வால்ட்ஸ் மன்னர் யோஹான் ஸ்ட்ராஸ் விஷயம் இதைவிட மோசம். அவருடைய கொள்ளுப்பாட்டன் ஞானஸ்நானம் பெற்ற யூதர் என்று வியன்னா புனித ஸ்டீபன் தேவாலயத்தின் 1762-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவு சொன்னது. நியூரம்பர்க் கணக்கின்படி கொள்ளுப்பாட்டன் ஒருவரால் ஸ்ட்ராஸ் யூதராகிவிட மாட்டார். அப்படியும் நாஜிகளுக்குப் பயம் விடவில்லை. பதிவேட்டைப் பெர்லினுக்கு எடுத்துப்போய், அந்தப் பதிவை மட்டும் மறைத்த போலி நகலை வியன்னாவுக்கு அனுப்பினார்கள். வேண்டியவருக்குப் பதிவேட்டையே திருத்திய அரசு, யெஸ்ஸெலுக்கு அதைப் புரட்டிக் காட்டியது.

முடிவுக்குச் சாக்காக இருந்தது ஒரு கடிதம். 1939-ல் வியன்னாவில் இருந்த நாடகாசிரியர் வில்ஹெல்ம் ஸ்டெர்க்குக்கு யெஸ்ஸெல் எழுதியது. யூத வெறுப்பு தன் மக்களை அழிக்கப் பார்க்கும் காலத்தில் வேலை ஓடவில்லை, அந்தக் கதி தன் கதவை எப்போது தட்டுமோ தெரியவில்லை என்று அதில் எழுதியிருந்தார். 45 ஆண்டுகளுக்கு முன் மதத்தை விட்டவர், இப்போது ‘என் மக்கள்’ என்கிறார். அவரை அப்படிச் சொல்ல வைத்தது துரத்தியவர்கள்தான் என்று எனக்குப் படுகிறது. வீட்டைச் சோதனை போட்டபோது கடிதம் சிக்கியது. 1941 டிசம்பர் 15 அன்று கைது. ஜெர்மனிக்கு எதிராக விஷமப் பிரசாரம் என்று குற்றச்சாட்டு. பெர்லினிலிருந்து யூதர்களை நாடுகடத்த ரயிலேற்றும் வேலை தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் போலீஸ் தலைமையக நிலவறையில் அடித்து நொறுக்கினார்கள். ஜனவரி 4 அன்று பெர்லின் யூத மருத்துவமனையில் இறந்தார். 71 வயது நிறைய 18 நாட்கள் பாக்கி.

போர் முடிந்து ஐந்தே ஆண்டுகளில், 1950-ல், ‘ஷ்வார்ட்ஸ்வால்ட்மேடல்’ மறுபடி படமானது, இம்முறை வண்ணத்தில். சிவப்புப் பஞ்சு உருண்டைகள் வைத்த தொப்பியோடு கதாநாயகி ஆட, கோடிக்கும் மேல் ஜெர்மானியர்கள் பார்த்தார்கள். கருங்காட்டில் மூன்றே கிராமங்களுக்குச் சொந்தமான அந்தத் தொப்பி அதன்பின் கருங்காட்டுக்கே அடையாளமாகிவிட்டது. பெர்லினின் வில்மர்ஸ்டோர்ஃப் பகுதியில் ஒரு சதுக்கத்துக்கு லியோன் யெஸ்ஸெல் பெயரை வைத்தது 1986-ல், அவர் இறந்து 44 ஆண்டுகள் கழித்து.