பெயர் நீண்டால் ஆபத்தா?

வேங்கடசுப்பிரமணியன் என்று பெயர் வைத்துக் கொண்டவர்கள் படுகிற பாடு நேயர்களுக்குத் தெரியும். விண்ணப்பத் தாளில் கட்டம் தீர்ந்து போகும், பெயர் தீராது! கம்ப்யூட்டர் உலகத்திலும் இதே சங்கடம் வந்து சேர்ந்தது.

பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் ஆரம்பித்து வைத்த லினக்ஸுக்கு 'கெர்னல்' என்பதுதான் உயிர்நிலை. ஒலி, வலைத் தொடர்பு போன்ற காரியங்களைக் கவனிக்கும் 'மாட்யூல்'கள் வேண்டியபோது அதனுடன் வந்து சேர்ந்து கொள்ளும். உள்ளே வந்துவிட்டால் வீட்டு மனிதர் மாதிரி. சமையலறை வரையில் போகலாம். பொருந்தாத மாட்யூலை உள்ளே விட்டால் இயந்திரமே படுத்துவிடும்.

ஆகவே வாசலிலேயே பொருத்தம் பார்க்கிறார்கள். மாட்யூல் கெர்னலிடம் கேட்கும் ஒவ்வோர் உதவிக்கும் ஒரு பெயர் உண்டு. அதன் அமைப்பிலிருந்து கணக்கிட்ட எண் ஒன்றும் உண்டு. இருபுறத்து எண்ணும் ஒத்தால்தான் அனுமதி.

இந்தக் குறிப்பேட்டில் ஒரு வரிக்கு இடம் 64 பைட். 64-பிட் இயந்திரத்தில் எண்ணுக்கு 8 போனால், பெயருக்கு 56. 'சி' மொழிக்கு அது போதும். ஆனால் 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் 'ரஸ்ட்' மொழி காலடி வைத்தது. அதன் பெயர்களோ ஊர், தெரு, பாட்டனார் பெயர் எல்லாம் சேர்த்து எழுதினாற்போல் நீளமானவை! ரஸ்ட் வேண்டுமென்றால் பொருத்தம் பார்ப்பதையே விட்டுவிட வேண்டும் என்ற நிலைமை.

கட்டத்தை அகலமாக்கினால் என்ன? அங்கேதான் வினை! பழைய கருவிகள் 64, 64 என்று தாண்டித் தாண்டிப் படிப்பவை. அளவு மாறினால் ஒரு பெயரின் வாலையும் அடுத்ததன் தலையையும் சேர்த்துப் படித்துத் திண்டாடும்.

2025 மார்ச்சில் வெளியான 6.14 பதிப்பில் ஒரு நல்ல உபாயம் வந்தது. பழைய ஏட்டின் அமைப்பை மாற்றவில்லை. பக்கத்திலேயே புது ஏடு: எண்கள் ஒரு பகுதியில், பெயர்கள் மற்றொரு பகுதியில், வேண்டிய நீளத்துக்கு. புது ஏடு இருந்தால் கெர்னல் அதைப் பார்க்கும். பழைய கருவி பழையதையே படிக்கும். அடங்காத பெயரைப் பழைய ஏட்டில் வெட்டி எழுதுவதில்லை, விட்டுவிடுகிறார்கள். அரைகுறைப் பெயரைவிட அது மேல் அல்லவா?

பழைய ஏடே வேண்டாம் என்பவர்கள் அதை நீக்கலாம். சந்தேகமிருந்தால் வைத்துக் கொள்ளுங்கள் என்பதே கெர்னல்காரர்களின் புத்திமதி.

விண்ணப்பத் தாள் அச்சடிக்கிறவர்களும் இதைக் கொஞ்சம் கவனித்தால், வேங்கடசுப்பிரமணியன்கள் வாழ்த்துவார்கள்!