யார் வீட்டுக் குப்பை, யார் நுரையீரல்?

வடசென்னையில் பிறந்ததைத் தவிர நாங்கள் செய்த குற்றம் என்ன? யாராவது எங்கள் முகத்தைப் பார்த்து இதற்குப் பதில் சொல்லுங்கள்.

திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர், அம்பத்தூர், அண்ணா நகர் என்று எட்டு மண்டலங்களின் குப்பையும் எங்கள் கொடுங்கையூருக்குத்தான் வருகிறது. லாரிகள் விடாமல் வந்துகொண்டே இருக்கும். வளைவில் திரும்பும்போது லாரியின் அடியிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் ஒழுகும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அதை மிதித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். அந்த வாடை தெருவில் நிற்பதில்லை. கொடியில் காயும் துணியில் ஏறுகிறது, தலையணையில் ஏறுகிறது, சோற்றுத் தட்டுவரை வருகிறது. மழைக்காலத்தில் ஒரு கையால் ஈ ஓட்டிக்கொண்டே மறு கையால் பிள்ளைக்கு ஊட்டுகிறோம். இதை வாழ்க்கை என்று பழகிக்கொள்ளச் சொல்கிறீர்களா?

கொடுங்கையூர்க் குப்பைமேடு சுமார் 340 ஏக்கர். ஒருகாலத்தில் நீர் தேங்கி நின்ற தாழ்வான நிலம். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதன்மேல் கொட்டிக் கொட்டி, பழைய குப்பை மட்டும் 66 லட்சம் டன்னுக்கு மேல் சேர்ந்துவிட்டதாக அரசுக் கணக்கே சொன்னது. அடியில் விரிப்பு போட்டு, கசிவுநீரைப் பிடித்து, மேலே மூடி வைக்கும் முறைப்படியான நிரப்பிடம் அல்ல இது. வெறுமனே கொட்டிய மேடு. மழை பெய்தால் குப்பைக்குள் இறங்கும் தண்ணீர் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு மண்ணுக்குள் போகிறது, கால்வாயிலும் கலக்கிறது. எங்கள் வீட்டு அடிபம்பு தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் சற்று நேரத்தில் மஞ்சளாக ஏடு கட்டும். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான். கூலி வேலைக்குப் போகிறவர்கள் குடிதண்ணீருக்கும் காசு கொடுக்கிறோம்.

வெயில் காலம் வந்தால் தீ. காற்றே புகாமல் அழுகும் குப்பையில் மீத்தேன் உண்டாகும். அதற்கு ஒரு பொறி போதும். மேலே அணைத்தாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு எரிந்தபோது தென்சென்னையும் பல நாள் இதை அனுபவித்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு எரிந்தபோது அந்த ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. அப்போது நாடே பேசியது. இங்கே புகை வந்தால் செய்தி கிடையாது. ராத்திரி விழித்துப் பார்த்தால் ட்யூப்லைட் வெளிச்சமே மங்கித் தெரியும். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருப்போம். உள்ளே புழுக்கம், வெளியே புகை. எதைத் தேர்ந்தெடுப்பது?

என் மகளுக்கு வீசிங் வந்தபோது அவள் யூகேஜி. முகத்தை மூடிய அந்தப் பிளாஸ்டிக் மாஸ்க்கில் நெபுலைசர் வைக்கும்போது விலா எலும்புகள் உள்ளே இழுத்து இழுத்து விடும். அதைப் பார்க்கும் தாய்க்குத்தான் தெரியும் அந்தச் சில நிமிடங்களின் நீளம். டாக்டர் நல்லவர். "மருந்தால மட்டும் ஆகாதும்மா, முடிஞ்சா வீட்டை மாத்துங்க" என்றார். எங்கே மாற்றுவது? எங்கள் வருமானத்துக்கு வேறு எந்த ஏரியாவில் வீடு கிடைக்கும்? விற்றுவிட்டுப் போகலாம் என்றால் யார் வாங்குவார்கள்? பெண் கேட்டு வருகிறவர்கள் தெருமுனையிலேயே மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். பிறகு போன்கூடப் பண்ணுவதில்லை. எங்கள் தெருவில் பிள்ளைகளின் புத்தகப் பையில் டிபன் பாக்ஸோடு இன்ஹேலரும் போகிறது. இந்தக் கணக்கை யார் எடுத்திருக்கிறார்கள்? வீடு வீடாக வந்து, மூச்சுத்திணறல் எத்தனை பேருக்கு, தோல் நோய் எத்தனை பேருக்கு என்று யாராவது எழுதிக்கொண்டு போனார்களா? எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. கணக்கு எடுக்காதவரை நோய் இல்லை என்று சொல்லிவிடலாம் அல்லவா!

அந்த மேட்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் போட்டதெல்லாம் இருக்கிறது. சாம்பாரில் நனைந்த இலை, அதோடு உடைந்த ட்யூப்லைட். அதற்குள் பாதரசம். தீர்ந்துபோன பேட்டரி. அதற்குள் ஈயமும் காட்மியமும். பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து பாட்டில், காலாவதியான மாத்திரை, நாப்கின், டயப்பர். சர்க்கரை நோய்க்குப் போட்டுவிட்டுத் தூக்கியெறிந்த ஊசி. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதி சொன்னது. எதற்கும் பயன்படாத மிச்சம் மட்டுமே நிரப்பிடத்துக்குப் போகலாம் என்று சொன்னதும் அதே விதிதான். மருத்துவக் கழிவுக்குத் தனி விதி உண்டு, நிறம் நிறமாகப் பைகளும் உண்டு. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. பிரித்துக் கொடுக்காத வீடும் உண்டு. பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் கொட்டிக் கலந்த கதையும் உண்டு. கடைசியில் எல்லாம் ஒன்றாக எங்களிடம் வந்து சேர்கிறது.

அந்தக் கலவைக்குள் கையை விட்டுப் பிழைக்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஒரு கையில் இரும்புக் கொக்கி, தோளில் சாக்கு. இரும்பு, பாட்டில், பால் கவர் என்று நீங்கள் வேண்டாம் என்றதை எல்லாம் இனம் பிரித்து இந்த நகரத்துக்கே திருப்பித் தருகிறவர்கள் அவர்கள். எங்கள் எதிர்வீட்டு அக்காவின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி கிழித்த தழும்பின் மேல் இன்னொரு தழும்பு. விரல் நுனியில் தோலே இல்லை. "ஊசி குத்தாத நாளே கெடையாதும்மா. கொஞ்சம் அமுக்கி ரத்தத்த வுட்டுட்டு வேலையப் பாப்பேன்" என்றார், தண்ணீர் குடித்த கதைபோல. அந்த ஊசியில் இருப்பது எந்த நோயாளியின் ரத்தம்? மஞ்சள் காமாலை தொற்றுமா, எச்ஐவி தொற்றுமா? கையுறை கொடுக்க ஆள் இல்லை, தடுப்பூசி போட ஆள் இல்லை. செம்புக்காகக் கேபிளை எரிக்கும் பையன்களுக்கு அந்தப் புகை என்ன செய்யும் என்று சொல்லித்தரவும் யாரும் இல்லை.

குப்பை ஒன்று மட்டும் என்றாலும் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயன ஆலைகளும், எண்ணூரில் நிலக்கரி மின்நிலையங்களும் சாம்பலும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் மீனவர்களின் வலையையும் படகையும் கறுப்பாக்கியது. அதே மாதம் நள்ளிரவில் அமோனியா கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். நகரத்துக்கு மின்சாரம் வேண்டும், பெட்ரோல் வேண்டும், உரம் வேண்டும், சுத்தமான தெரு வேண்டும். எல்லாவற்றின் அழுக்கும் மட்டும் வடக்கே! குப்பையைப் பிரிக்காத இந்த நகரம் மனிதர்களை மிகச் சரியாகப் பிரித்து வைத்திருக்கிறது.

கொடுங்கையூர் மேட்டின் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து, மண்ணைத் தனியாகவும் பிளாஸ்டிக்கைத் தனியாகவும் எடுத்து, நிலத்தை மீட்கப் போகிறோம் என்றார்கள். சுமார் 640 கோடி ரூபாய்த் திட்டம். எங்கள் வயிற்றில் பால் வார்த்த செய்தி அது. பிள்ளைகள் விளையாட இடம் வரும், மரம் வரும் என்று வாய்விட்டுப் பேசிக்கொண்டோம். அந்த நம்பிக்கை ஆறுவதற்குள் இடி விழுந்தது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலையாம், அதுவும் இதே கொடுங்கையூரிலாம்! புதைத்தது போதாதென்று இனி எரிக்க வேண்டுமா? 2025 மே மாதம் கிழவிகளும் கைக்குழந்தைக்காரிகளும் வெயிலில் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றோம். வேடிக்கைக்கா நின்றோம்?

எரித்தால் குப்பை மறைந்துவிடும் என்று சொல்லாதீர்கள். அது சாம்பலாகிறது, காற்றாகிறது. பிவிசி போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் பிறக்கிறது. அந்தக் குடும்பத்தில் மிகக் கொடிய வகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே உறுதி செய்திருக்கிறது. அது கொழுப்பில் தங்கும். பாலில், முட்டையில், மீனில், தாய்ப்பாலில்கூட ஏறும். வெப்பத்தை 850 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாமல் காத்து, வெளியேறும் வாயுவை வடிகட்டினால் குறைக்கலாம் என்கிறார்கள். நம் ஊர்க் குப்பையில் ஏறக்குறைய பாதி சோறும் காய்கறித் தோலும். ஈரக் குப்பை ஒழுங்காக எரியாது. டெல்லி திமார்பூரில் 1987இல் வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தில் கட்டிய உலை, எரிக்கத் தகுந்த குப்பை இல்லாமல் சில வாரங்களிலேயே நின்றுபோனது. அதே டெல்லியின் ஓக்லாவில் வீடுகளுக்கு நடுவே உலையை வைத்துவிட்டு, அந்த மக்களை நீதிமன்ற வாசலில் ஆண்டுக்கணக்கில் நிற்க வைத்தார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகு இங்கே வருகிறீர்கள். வடிகட்டியை யார் தினமும் பார்ப்பார்கள்? கசிவுநீரை நிறுத்த முடியாதவர்கள், மேட்டுத் தீயை அணைக்க முடியாதவர்கள், புகைபோக்கியைக் காவல் காப்பார்கள் என்று எதை வைத்து நம்புவது?

"அப்படியானால் குப்பையை எங்கேதான் போடுவது?" என்று கேட்கிறீர்கள். போடும் இடத்தைத் தேடுவதே தப்பு என்கிறோம். குப்பையில் பாதி ஈரக் குப்பை. அது அந்தந்த வார்டிலேயே உரமாகட்டும், எரிவாயுவாகட்டும். ஹோட்டலும் கல்யாண மண்டபமும் அடுக்குமாடிகளும் தங்கள் குப்பையைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும். காகிதம், பாட்டில், உலோகம் எல்லாம் பொறுக்குகிறவர்களின் கைவழியாக மறுசுழற்சிக்குப் போகட்டும். அவர்களுக்குச் சம்பளமும் பாதுகாப்பும் கொடுங்கள். மறுசுழற்சிக்கு ஆகாத பொருளைத் தயாரித்து விற்கிறவனே திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். பேட்டரிக்கும் ஊசிக்கும் மருந்துக்கும் தனி வண்டி விடுங்கள். இது ஒன்றும் நிலவைத் தொடும் காரியம் அல்ல. இவ்வளவு காலம் நடக்காததற்கு ஒரே காரணம், கொட்டுவதற்குக் கொடுங்கையூர் இருக்கிறது என்ற தைரியம்.

மாசற்ற காற்றும் நீரும் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பதை 1996இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில், நம் பாலாற்றுக்காகவே நிலைநாட்டியது. எங்கள் விஷயத்தில் மட்டும் மாசு செய்கிறவர் யாரோ, விலை கொடுக்கிறவர் நாங்கள். மருந்துக்கடையில், தண்ணீர் கேனில், விடுப்பு எடுத்த நாளின் கூலியில் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

நாங்கள் சலுகை கேட்கவில்லை. வீடு வீடாக மருத்துவக் கணக்கெடுத்து அதை எல்லோரும் பார்க்க வெளியிடுங்கள். நாங்கள் சுவாசிக்கும் காற்றில் என்ன இருக்கிறது என்பதை எங்கள் தெருமுனையில் பலகை வைத்துக் காட்டுங்கள். மேட்டில் உழைப்பவர்களுக்குத் தடுப்பூசி போடுங்கள். கலந்த குப்பை ஏற்றிய கடைசி லாரி எங்கள் ஊருக்குள் நுழையும் தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். உலைத் திட்டத்தை வேறு ஏழை ஊருக்குத் தள்ளிவிடாமல் அடியோடு கைவிடுங்கள். எங்களுக்கு வேண்டாம் என்ற விஷம் இன்னொரு தாயின் பிள்ளைக்கும் வேண்டாம். இதையெல்லாம் செய்யும்வரை அந்த உலைக்கு ஒரு செங்கல்கூட வைக்க விடமாட்டோம். வழியில் நாங்கள் நிற்போம்.